நாலு பர்சென்ட்

"போன் செத்துப்போச்சுங்கண்ணா, நாளைக்குத் தாரேன்."
இந்த ஒரு வாக்கியத்தில்
மாசம் ஆயிரத்துச் சொச்சம் ஆற்றோடு போகிறதென்று
நோட்டை விரித்துக் காட்டினார் பொங்கியண்ணன்.
நெரிஞ்சிப்பேட்டையிலிருந்து பூலாம்பட்டிக்கு
ஆளுக்குப் பத்து, வண்டியோடு இருபது.
"படகுலயே சார்ஜர் வெச்சுப்போடு.
பொறவு எவன் என்ன சாக்குச் சொல்றான்னு பாக்கறேன்."

நான் வேன்களுக்கு ஒயர் இழுப்பவன்.
ஹாரன், ஹெட்லைட்,
சாமி படத்தைச் சுற்றிச் சீரியல் பல்பு.
தண்ணீர் மேல் போகிற எதிலும்
அதுவரை ஒரு திருகு முடுக்கியதில்லை.

ஈரோட்டில் கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார்.
எண்பது ரூபாய்ச் சாமான்
கையில் வாங்கியதுமே தெரிந்தது,
பொக்குக் கடலைக்காய்.
அடுத்தது வோல்ட் எண்ணைச் சிவப்பில் காட்டும்;
காட்டட்டும், அதற்கும் பேட்டரிதானே சோறு போடோணும்.
மூன்றாவது முன்னூற்று நாற்பது.
இரண்டு வாய்: பழைய சப்பை ஒன்று, புது டைப்-சி ஒன்று.
மூடிக்கொள்ள ரப்பர் தொப்பி,
சுற்றிலும் ஒரு நீல வளையம்.
"வளையம் இல்லாம வராதுங்களா?"
"அழகுக்குங்க" என்றார்.
நாலு வாங்கினேன்.
பில்லில் அழகுக்குத் தனி விலை போடவில்லை.

இருபத்தொன்பது மில்லி வட்ட ரம்பம்
பலகையில் இறங்கும்போது
பொங்கியண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்,
பிள்ளைக்குக் காது குத்துகையில் நிற்கும் அப்பனாட்டம்.
"தண்ணி மட்டத்துக்கு மேலதான?"
"ரெண்டு மொழம் மேலங்க."
வானம் பார்த்து வைத்தால் மழை குடிக்கும்.
தரை பார்த்து வைத்தால் செருகியது நழுவும்.
பக்கவாட்டில், முழங்கால் இடிக்காமல்,
எஞ்சின் சூடு எட்டாமல்.
ஒயரை நேராகக் கொண்டுவரவில்லை.
தொங்கவிட்டு, தொப்பை போட வைத்து,
அப்புறம்தான் மேலே ஏற்றினேன்.
ஒயரைப் பிடித்து வழிகிற தண்ணீர்
தொப்பையிலேயே சொட்டி இறங்கிவிடும்,
உள்ளே வந்து விசாரிக்காது.
பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளி பியூஸ்.

எட்டாம் நாள் காலை ஐந்தே முக்காலுக்கு அழைப்பு.
எஞ்சின் இழுக்கவில்லை.
ஏற்கெனவே தள்ளாடும் பேட்டரி;
ராவெல்லாம் நாலு வளையங்களும்
யாருமில்லாத ஆற்றுக்கு நீலம் காட்டிக்கொண்டே
அதைக் குடித்து முடித்திருந்தன.
காலேஜ் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு
மூங்கில் போட்டுத் தள்ளிப் போனார்.
என்னைப் பேர் சொல்லித் திட்டியது
அக்கரைப் பூக்கடைக்கும் கேட்டதாம்.
அறுபது ரூபாய்க்கு ஒரு சுவிட்ச் வைத்தேன், என் காசில்.
அழகின் விலை அதுதான் போல.

பொழுதோட, சரிபார்க்க நானும் ஏறினேன்.
எதிரில் மில் ஷிப்ட் முடிந்த பெண்,
புருவத்திலும் பஞ்சு.
கையில் கறுத்துக் கிடந்த போன்.
"அங்க செருகிக்கலாங்க அம்மணி" என்றேன்,
புதுக் கடை திறந்தவன் குரலில்.

கதவணை தேக்கிய அசையாத தண்ணீரில்,
நடு ஆற்றில்,
அது கண் விழித்தது.
ஒன்று. மூன்று. நாலு பர்சென்ட்.
பிறகு நடுங்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை.
பதினேழு தவறிய அழைப்புகள்,
பதினேழுக்கும் ஒரே பெயர்.
(எட்டிப் பார்த்தது தப்புதான்.)
அவள் பார்த்தாள்.
எஞ்சின் சத்தத்தில் ஏதும் சொன்னாளா தெரியவில்லை.
அணைத்தாள். ஒயரை உருவிச் சுருட்டினாள்.
ரப்பர் தொப்பியைப் பெருவிரலால் அழுத்தி மூடினாள்,
ஒரு சொட்டும் புகாதபடி,
நான் சொல்லித் தராமலே.

கரை தட்டியதும்
டிபன் பைக்குள் கைவிட்டு
மடித்து வைத்திருந்த பத்து ரூபாயை நீட்டினாள்.
நாலு பர்சென்ட்டும் அவளோடு படியேறிப் போனது.

பொங்கியண்ணன் நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு
என்னைப் பார்த்துச் சிரித்தார்:
"பாத்தியா, வேலை செய்யுது."